நான் மனநலப் பொறுப்பாளர் ஆனது

முதல் தடவை அது வந்தபோது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். மாதனூரில் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காரணமே இல்லாமல் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து, "எனக்கு அட்டாக் வந்துடுச்சு" என்றேன். அவள் எழுந்து நின்று அதையே பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். டிரைவர் ஷூ கம்பெனிக்குப் போகாமல், ஆம்பூரில் ஒரு நர்சிங் ஹோம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

என்னோடு நாற்பது பெண்களும் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே யூனிபார்மில் உள்ளே நுழைவதைப் பார்த்த நர்ஸ் மிரண்டுபோய், "எல்லாருக்குமா? இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

எனக்கு மட்டும்தான் என்று புரியவைத்து, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹார்ட் நல்லா இருக்கு. டென்ஷன். எதையும் யோசிக்காதீங்க."

வெளியே வந்து அதைச் சொன்னேன். நாற்பது முகங்களும் தொங்கிப்போயின. "ஒண்ணுமே இல்லயா?" என்றாள் ஒருத்தி. "இன்னொருவாட்டி பாக்கச் சொல்லேன். இவ்ளோ தூரம் வந்துட்டோம்ல." எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எங்கள் லைனில் டார்கெட் எட்டாமல், சூப்பர்வைசர் சாயந்திரம்வரை கத்தினார். அவர் எப்போதும் கத்துகிறவர்தான். அன்று கூடுதலாக.

அதற்குப் பிறகு அது வாரம் ஒருமுறை வந்தது. சில வாரம் இரண்டு முறை. டாக்டர் சொன்னபடி எதையும் யோசிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். யோசிக்கக் கூடாது என்று யோசிப்பதிலேயே பொழுது போனது. என் கணவர் சர்ச்சில் சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பில், "இருதய நோயால் அவதிப்படும் சகோதரி" என்று படித்தார்கள். இருதயத்தில் நோய் இல்லை என்று எழுந்து சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு என் இல்லாத நோய்க்காக நானும் சேர்ந்து ஜெபித்தேன்.

கல்லூரியில் படிக்கும் மகள் என் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். காதில் மாட்டினால் ஒரு குரல் பேசும். "நீங்கள் கடற்கரையில் நிற்கிறீர்கள். உங்கள் பாதங்களைக் கவனியுங்கள்" என்றது. நான் பதினொரு வருஷமாக ஷூ செக்கர். பாதம் என்றதும் எனக்குத் தையல் பிசிறும் பசை ஒழுகலும்தான் தெரிந்தது. அமைதி எங்கே வரும்? ஒருநாள் அந்தக் குரல், "மூச்சை உள்ளே இழுங்கள்... அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் விளம்பரம் வந்துவிட்டது. இலவச ஆப் அல்லவா? ஒரு பிரஷர் குக்கரின் பெருமைகள் முழுவதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். அன்றே ஆப்பை அழித்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் எச்.ஆர். அதிகாரியிடம் போனேன். சின்ன வயசு, நல்ல பையன், எதையும் முழுசாகக் கேட்கமாட்டார்.

"சார், மனசு சம்பந்தமா கொஞ்சம் பேசணும்."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "உங்கள யார்னா அனுப்பனாங்களா?"

"இல்ல சார், நானாதான் வந்தேன்."

"நீங்களா முன்வந்தீங்களா? மூணு வாரமா ஆள் தேடிக்கினு இருக்கேன்ம்மா!"

விஷயம் இதுதான். நம்மிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வரப்போகிறார்கள். தொழிலாளர்களின் மனநலத்துக்கு ஓர் அறையும் ஓர் ஆளும் உண்டா என்று அவர்களுடைய படிவத்தில் ஒரு கேள்வி. "ஐயோ சார், எனக்கே..." என்று ஆரம்பித்தேன். "தயங்காதீங்க. ட்ரெய்னிங் குடுத்துடுவோம்" என்றார்.

ட்ரெய்னிங் என்பது அரை நாள் வீடியோ. ஆங்கிலத்தில் பேசினார்கள், கீழே இந்தியில் எழுத்து ஓடியது. முடிந்ததும் சர்டிபிகேட் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரிக்கிறேன். அப்போதுதான் நெஞ்சு மறுபடி தடதடக்கத் தொடங்கியிருந்தது.

அறைக்காக லாஸ்ட் ரூமை ஒழித்துக் கொடுத்தார்கள். லாஸ்ட் என்பது ஷூவுக்கு வடிவம் வருவதற்காக உள்ளே செருகும் பிளாஸ்டிக் கால். இடது கால்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வலது கால்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே மூன்று சுவரிலும் அலமாரி நிறைய வலது கால்கள், எல்லாம் கட்டைவிரலை நம் பக்கம் நீட்டிக்கொண்டு. நடுவில் ஒரு மேஜை, சுழல் நாற்காலி இரண்டு, ஒரு ஃபேன்.

கதவில் ஒட்டிய பலகையில் ஒரு சுழி கூடிப்போய், 'மணநலப் பொறுப்பாளர்' என்று அச்சாகிவிட்டது. முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் மகளுக்கு வரன் விசாரித்தார்கள். மூன்றாவது ஆள் பசை ஒட்டும் பிரிவிலிருந்து வந்து, அங்கே நாற்றம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று புகார் கொடுத்தார்.

பலகையைத் திருத்திய பிறகு ஒருவரும் வரவில்லை. அந்த அறைக்குள் போனால் மெண்டல் என்று பேர் வந்துவிடும் என்று கேன்டீனில் பேச்சு. ஆடிட்டுக்கு ரிஜிஸ்டர் காலியாக இருக்கக் கூடாதே! லைனுக்கு இரண்டு பேர் தினமும் போயாக வேண்டும் என்று எச்.ஆர். உத்தரவு போட்டார். வந்தவர்கள் ஃபேனுக்கு அடியில் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

"இன்னா கஷ்டம்னு ஏதாவது சொல்லுக்கா. எழுதணும்."

"எனக்கின்னா கஷ்டம்? நேத்து வந்தவ இன்னா சொன்னா?"

"மாமியார் பேசறதில்லைன்னா."

"அது கஷ்டமா? சரி, எனக்கும் அதையே போட்டுடு."

இப்படியாக ரிஜிஸ்டரில் பதினேழு மாமியார்கள் பேசாமல் போனார்கள்.

ஒருநாள் மத்தியானம் முறை வைத்து வந்தவர் எங்கள் சூப்பர்வைசர். ஆம்பூர்க்காரர், ஆறடி உயரம், பாய் வீட்டு மனிதர். வந்து உட்கார்ந்து, "சீக்கிரம் கேளும்மா, லைன் ஓடுது" என்றார். எச்.ஆர். லேமினேட் செய்து கொடுத்திருந்த கேள்வித் தாளைப் பார்த்து நான், "தூக்கம் எப்படி வருது சார்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு ஆரம்பித்துவிட்டது. தாள் கையில் ஆடியது. அலமாரியில் இருந்த கால்களெல்லாம் நடந்து வருவதுபோல் இருந்தது. இந்த மனுஷன் முன்னால் சாகப்போகிறோமே என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெரல் மரத்துப்போகுதா?"

தலையாட்டினேன்.

"செத்துடுவோம்னு தோணுதா? சாவமாட்டே. பத்து நிமிஷத்துல எறங்கிடும். எனக்கும் வரும்."

"உங்களுக்கா?" அந்த நிலைமையிலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு வருஷமா. அதான் கத்துறேன். கத்துனா கொஞ்சம் விட்டுப்போகும். உங்க மேலல்லாம் கோவம் ஒண்ணும் கெடையாதும்மா."

பதினொரு வருஷமும் அந்தக் கத்தலுக்குப் பயந்திருக்கிறேன். கடைசி இரண்டு வருஷம் அவர் கத்தியது தனக்குத்தான் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மூச்சு இறங்கிவிட்டது.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போய்க்கொண்டிருந்தார். வீட்டில் சொல்ல வெட்கம். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தார். அதனால் அந்தச் சனிக்கிழமைகளில் அவர் மனைவி கஞ்சிதான் வைப்பாராம். "நாலு மாசம் ஆச்சு, எந்தப் பல்லுனு வாயத் தொறந்து காட்டச் சொன்னா. ஒரே பேஜாராப் போச்சு. வேற வழி இல்லாம நல்ல பல்லு ஒண்ணப் புடுங்கிக்கினேன்" என்று வாயைத் திறந்து காட்டினார். பின்னால் ஒரு கடைவாய்ப்பல் உண்மையிலேயே இல்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். அங்கே ஓர் ஆலோசகர் அம்மா முக்கால் மணி நேரம் நான் பேசுவதைக் கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ், நாற்பது பெண்கள், குக்கர் எல்லாம் சொன்னேன். "இது பயம் வந்தா உடம்பு செய்யற வேலை. தப்பான நேரத்துல செய்யுது, அவ்வளவுதான். நெறைய பேருக்கு வரும்" என்றார். பிறகு என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நிமிடம் சுற்றச் சொன்னார். ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். படபடப்பை நாமே வரவழைத்துப் பழகிவிட்டால் அதன்மேல் இருக்கும் பயம் போய்விடுமாம். எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் தலைசுற்றல் வந்தது, போனது, நான் உயிரோடு இருந்தேன்.

இதை வீட்டிலும் பழக வேண்டும் என்றார். சூப்பர்வைசருக்கு அதுதான் சிக்கல். "வீட்ல சுத்தினா பசங்களும் கூட சேந்து சுத்துதுங்க" என்றார். எங்களிடம்தான் ஓர் அறையும் இரண்டு சுழல் நாற்காலியும் இருந்தனவே! சாப்பாட்டு இடைவேளையில் லாஸ்ட் ரூமில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் ஸ்ட்ராவோடு சுற்றினோம். கதவை மட்டும் திறந்தே வைத்தோம், ஊர் வாய்க்குப் பயந்து.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் எச்.ஆர். அதிகாரி ஆடிட் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆடிட் மறுநாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நாங்கள் காலை ஊன்றி நிறுத்தினோம். தலை சுற்றியதால் சூப்பர்வைசர் அலமாரியைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

அந்த வெள்ளைக்கார அம்மா நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "இந்த வேலைக்கு உங்களுக்கு என்ன தகுதின்னு கேக்கறாங்க" என்றார் எச்.ஆர்., முகமெல்லாம் வேர்த்து. இனி எதை மறைப்பது? "எனக்கே அது வரும்னு சொல்லுங்க சார். இவருக்கும் வரும். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். இது அங்க சொல்லிக்குடுத்தது."

எச்.ஆர். என்னையே பார்த்தார். நான் சொல்வதை அவர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார், ஒரு வார்த்தையும் மாற்றாமல். எனக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரியும். அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டு, இன்னொரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றியும் பார்த்தார்.

இப்போது அந்த முறை வைத்து அனுப்புவதெல்லாம் கிடையாது. வர வேண்டியவர்கள் வருகிறார்கள். மாதத்துக்கு நாலைந்து பேர். நான் டாக்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்பேன், வேலூர் போகிறவர்களோடு முதல் தடவை துணைக்குப் போவேன். எனக்கு அது இன்னும் எப்போதாவது வருகிறது. பத்து நிமிடம் உட்கார இடம் கொடுத்தால் போய்விடுகிறது.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஹார்ட்டுக்கு ஒண்ணுமே இல்லயா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"சண்டை போட்டா ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

மனுஷன் ஆறு மாதமாக அடக்கிவைத்திருந்தார். என் தம்பி கல்யாணத்தில் அவரைப் பந்தியில் கடைசியாக உட்காரவைத்ததில் ஆரம்பித்தார். நானும் விடவில்லை. நடுவில் எனக்கு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கவனித்துப் பார்த்தேன். அது வெறும் கோபம்தான். மேலே பேசினேன்.