இடது காலுக்கு வெற்றிலை பாக்கு

போன சனிக்கிழமை தளவாய்புரம் கடைத்தெருவில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வாங்கினேன். யாருக்கு? ஒரு ரோபோவின் இடது காலுக்கு. சிரிக்காதீர்கள்... எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நாங்கள் ஐந்து பேர் ஒரு ரோபோ சீரியலின் தீவிர ரசிகர்கள். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அதில் ஐந்து ரோபோக்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டால் ஒரு பெரிய ரோபோ. பொம்மையும் அப்படியே. முழு செட் தனியாளுக்குக் கட்டுப்படியாகாது என்று ஆளுக்கு ஒன்று வாங்கினோம். நடு உடம்பு என்னிடம், ராஜபாளையத்தில். வலது கை ஸ்ரீவில்லிபுத்தூர் கதிரிடம். இடது கால் தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனி வைத்திருக்கும் பால்ராஜிடம்.

ஞாயிற்றுக்கிழமை கதிருக்கு ரிசப்ஷன். மண்டப வாசலில், பன்னீர்ச்செம்புக்குப் பக்கத்தில் பெரிய ரோபோ நிற்க வேண்டும். மணப்பெண்ணும் ரசிகை. கதிரிடம் அவள் கேட்ட ஒரே ஆசை அதுதான்.

அதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் வில்லனைப் பற்றி ஒரு சண்டை. சீரியலில் ராஜா தன் சபையில் அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். அவன் நகரத்தையே கொளுத்தினான். சரியா, தப்பா?

"சபையில வச்சு அசிங்கப்படுத்துனா எவன் சும்மா இருப்பான்?" — இது கதிர்.

"மரியாதை கிடைக்கலைன்னு அடுத்தவன் பொழப்பைக் கெடுக்கிறவன் மனுசனே இல்ல" — இது பால்ராஜ்.

வில்லன் மனுசனே இல்லை, ரோபோ என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? கதிர் எங்கள் வீடுகளுக்கெல்லாம் நேரில் வந்து பத்திரிகை வைத்தான். அந்தக் கோபத்தில் பால்ராஜுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோ!

"கால் வராது" என்று ஒரே வரியில் பதில் போட்டார் பால்ராஜ்.

ஒற்றைக் காலில் ரோபோ எப்படி நிற்கும்? கதிருக்கு போன் போட்டேன்.

"ஒரு பத்திரிகைக்கு இம்புட்டு வீம்பா? அவரு என்ன சின்னப்புள்ளையாக்கா?"

"ஏலே, அசிங்கப்பட்டா வில்லன் ஊரையே கொளுத்தலாம், பால்ராசு கோவிச்சுக்கக்கூட கூடாதா? கிளம்பிப் போய்க் கூப்பிடு!"

"காப்புக் கட்டியாச்சுக்கா. ஊர் எல்லை தாண்டக்கூடாதுன்னு வீட்ல சொல்லுதாவ."

நல்ல நேரத்தில் கட்டினார்கள் காப்பு! ஆக, தட்டைத் தூக்கியது நான்தான். பால்ராஜ் கம்பெனியில் தையல் மெஷின்கள் கடகடவென ஓட, நடுவே நின்று கத்தினேன்.

"மரியாதைக்காக அடுத்தவன் பொழப்பைக் கெடுக்கிறவன் மனுசனே இல்லைன்னு எழுதுனது யாருய்யா?"

பால்ராஜ் அசரவில்லை. "அது கதைக்கா. இது கல்யாணம்."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை நீட்டினேன். "வீட்லயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். அவர் மனைவிக்கும் குங்குமம் கொடுத்தேன். அதன்பிறகுதான் பீரோவிலிருந்து, நைட்டித் துணியில் சுற்றிய கால் வெளியே வந்தது.

மறுநாள் மண்டப வாசலில் ரோபோ ஜம்மென்று நின்றது. மணப்பெண் கை தட்டிக் குதித்தாள். கதிரும் பால்ராஜும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சண்டையே நடக்காத மாதிரி!

இதில் எனக்கு வரும் ஆத்திரம் என்ன தெரியுமா? வில்லன் ஏன் கெட்டான் என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர்கள் இவர்கள். பக்கத்து ஊர்க்காரன் ஏன் முகத்தைத் தூக்கிக்கொண்டான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. தனக்கு வந்தால் மட்டும் மானம், அடுத்தவனுக்கு வந்தால் வீம்பா?

பால்ராஜ் வீட்டாருக்குப் பந்தியில் இடம் பிடித்துக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தால்... "ரோபோ டீம் மேடைக்கு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டு, மற்ற மூன்று பேரும் மணமக்களோடு போட்டோ எடுத்து இறங்கியிருந்தார்கள். என்னை ஒருத்தரும் தேடவில்லை. அலைந்தது யார்? தட்டு தூக்கியது யார்?

நேராக வாசலுக்குப் போனேன். நடு உடம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன்.

பாவம், அந்த வில்லன். அவன் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது!