லேத்தை ஓட வைத்தது எலுமிச்சம்பழம் அல்ல

சிரம்பான் பக்கம் லோபாக்கில் இருக்கிற என் பட்டறைக்கு முதலில் கூரைகூட ஒழுங்காகக் கிடையாது. ஒரு பக்கம் தகரம், மறு பக்கம் கித்தான். அதற்குள்ளேதான் பழைய இரும்புக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த லேத்தைப் போட்டு வேலையைத் தொடங்கினேன். இன்றைக்கு அங்கே செங்கல் கட்டடம் நிற்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குப் போகிற தண்டுகளை அங்கேதான் கடைகிறோம். ரஹாங்கில் வீடு கட்டினேன்; அதன் கேட்டும் கிராதியும் மாடிப்படியும் நானே பற்ற வைத்தவை. மந்தின் பக்கம் ஒரு கோயில் தேருக்கு அச்சு முறிந்து, கோலாலம்பூர் ஆட்கள் கையை விரித்தபோது அதைக் கடைந்து கொடுத்தவன் நான். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. வரைபடம் பார்க்கத் தெரியாமலே தொழிலில் இறங்கினேன். உடைந்த சாமானைக் கையில் கொடுத்தால் போதும், அதைப் போல இன்னொன்று செய்துவிடுவேன்.

பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான். வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தபிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் முதன்முதலாக ஓட வைத்த லேத் என் பட்டறையில் இல்லை. அது எங்கள் தோட்டத்து லேத். அப்போது எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும். இப்போது தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். அதில் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, எழுதியிருக்கிறார்: ஓடாமல் நின்றுபோன மிஷினைத் தன் அப்பா எலுமிச்சம்பழம் வைத்து ஓட வைத்தாராம், துரையே கையெடுத்துக் கும்பிட்டாராம். துரை கும்பிடவில்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் அன்றைக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

எங்களுடையது ரப்பர் தோட்டம். பால் வந்து சேருகிற ஃபேக்டரியை ஒட்டி ஒரு சின்னப் பட்டறை. அதில் ஒரு சின்ன லேத், சாம்பல் நிறம். அம்மாவின் தம்பி, என் மாமா, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அண்ணன், பெரியப்பா, மண்டோர், அதாவது கங்காணி. ஃபேக்டரியும் பட்டறையும் அவர் அதிகாரத்தில் இருந்தன. பெரியப்பாவின் மூத்த மகளை, எனக்கு அக்கா, மாமாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பேச்சுதான், தட்டு மாற்றவில்லை. அக்கா ஃபேக்டரியில் ரப்பர் சீட் உலர்த்தப் போடுகிற வேலையில் இருந்தாள்.

பள்ளி விட்டதும் மாமாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. நான் போனதும் மாமா ஒதுங்கி நின்று, "ம், நிறுத்து மொதலாளி" என்பார். நான் எட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். லேத் முனகிக்கொண்டே நிற்கும். பச்சையைத் தொட விடமாட்டார். ஆகையால் சிவப்பு மட்டும் என் உத்தியோகம். அழுத்தினால் டிக் என்று உள்ளே போகும். விரலை எடுக்கும்போது கன்றுக்குட்டி முட்டுவது போல விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த முட்டு எனக்குப் பிடிக்கும். தோட்டத்தில் என்னைவிட அந்தப் பொத்தானை அறிந்தவன் வேறு யாரும் இல்லை. இதை இன்றைக்கும் சொல்வேன்.

ஆயுத பூசை வந்தது. லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, மாவிலையும் சாமந்தி மாலையும் கட்டினார்கள். பொட்டு வைப்பது பெரியப்பா. வேறு யாரும் வைக்கக் கூடாது. அவர் பொட்டு வைக்கிறார் என்றாலே தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் ஓடி ஒளிவோம். கட்டைவிரலால் அவர் அழுத்துகிற அழுத்தில் கழுத்து பின்னால் போய் வரும். அக்கா அரைத்துக் கொடுத்த சந்தனம் கெட்டியாக இருந்தது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் அவர் பின்னாலேயே போனேன். மோட்டாருக்கு வைத்தார், பெல்ட்டு மூடிக்கு வைத்தார், சுவிட்சுப் பெட்டிக்கு வைத்தார். பச்சைக்கு ஒரு தொடுகை. சிவப்பைப் பார்த்ததும் அம்மனே நெற்றியைக் காட்டிய மாதிரி ஒரு பெரிய உருண்டையை எடுத்து அழுத்தினார். டிக். பொத்தான் உள்ளே போனது. சுற்றியிருந்த இடுக்கெல்லாம் சந்தனம் புகுந்துகொண்டது. அதன்மேல் குங்குமம். பொத்தான் திரும்பி வரவில்லை. பூசையன்றைக்கு எல்லாச் சாமானும் ஓய்வெடுக்கிறது, இதுவும் எடுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தோட்டத்துப் பள்ளிக்கு லீவு; காலையிலேயே நான் பட்டறைக்குப் போய்விட்டேன். ஃபேக்டரியில் ரப்பர் சீட் அழுத்துகிற உருளையின் புஷ், அதன் தண்டைத் தாங்குகிற வளையம், தேய்ந்து, உருளை ஆட்டம் கண்டுவிட்டது. புதிதாக ஒன்று கடைந்தாக வேண்டும். பால் உறைந்து தொட்டியில் காத்துக்கொண்டிருக்கிறது. மாமா மாலைக்கு அடியில் கையை விட்டுப் பச்சையை அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். லேத் பேசவில்லை.

மாமா முறையாகத்தான் பார்த்தார். அதில் நான் குறை சொல்லமாட்டேன். மெயின் சுவிட்சைப் பார்த்தார், ஃபியூசைக் கழற்றிப் பார்த்தார், மாற்றியும் போட்டார். பட்டறை விளக்கு எரிந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்' தலையைக் கையால் சுற்றினார், தடையில்லாமல் சுற்றியது. மோட்டாரின் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். கருகல் வாடை இல்லை. ஓர் உறுமல்கூட இல்லாமல் ஒரு மோட்டார் செத்துக் கிடக்கிறது என்றால் அதற்குக் கரண்டே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சிவப்பு உள்ளே சிக்கியிருந்தால் பச்சையை எத்தனை முறை அழுத்தினாலும் கரண்டு போகாது; முதலில் சிவப்பைப் பார் என்று இன்றைக்கு என் பட்டறைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாமா பார்க்காததற்குக் காரணம் உண்டு. பூசைப் பொட்டை எங்கள் ஆட்கள் துடைக்க மாட்டார்கள். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். கை வைப்பதென்ன, அதை உற்றுப் பார்க்கவே யாருக்கும் தோன்றாது.

பெரியப்பா துரையை அழைத்துக்கொண்டு வந்தார். மாமா வாயைத் திறக்கும் முன்பே, "பூசைக்கு மொத நாளு பொழுது சாயற வரைக்கும் தடி இரும்பப் போட்டு உருட்டிக்கிட்டு இருந்தான் தொர. வேணாம்டா, வேணாம்டான்னேன். மோட்டார கருக்கிட்டான்" என்றார்.

"கருகல மாமா, வாடையே இல்ல பாருங்க" என்றார் என் மாமா. பெண் கொடுக்கப் போகிறவர் என்பதால் பெரியப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"நீ எனக்கு வாடை காட்ட வராத லா. ஓடலயில்ல? அப்பறம் என்னா?"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் லேத் ஓட வேண்டும், இல்லையென்றால் சிரம்பானிலிருந்து ஆள் வரவழைப்பேன், மோட்டார் எரிந்திருந்தால் இவன் சாமானைக் கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார். வேலை போனால் லயத்து வீடு போகும். வீடில்லாதவனுக்குப் பெண்ணும் கிடையாது. அந்தக் கணக்கு எனக்கே தெரிந்திருந்தது.

மாமா கீழே உட்கார்ந்து ஒயரைத் தடவிக்கொண்டிருந்தார். ஃபேக்டரிப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அக்காவும் இருந்தாள். நான் பெட்டிக்கு அருகே போய் மாலையை விலக்கினேன். சிவப்பு வெளியே தலை நீட்டவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கத்தினேன்: "மாமா, செவப்பு பட்டன் உள்ளயே இருக்கு! பெரியப்பாதான் அமுக்கிப் பொட்டு வச்சாரு! நான் பாத்தேன்!"

மாமா எழுந்தார். பெட்டியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"சாமி காரியத்துல குத்தம் சொல்ற வாயா இது? போடா அந்தாண்ட."

அதுவரை மாமா என்னை அடித்ததே இல்லை. அழுதுகொண்டே எண்ணெய் டின் பக்கம் போய் நின்றேன். அழுகையிலும் என் கண் பெட்டியை விடவில்லை. மாமா மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தார். பெண்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தூசு தட்டுகிறவர் மாதிரி பெட்டியைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் டிக் என்று கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். அதற்குப் பிறகு அவர் பச்சையை அழுத்தவில்லை. துணியைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்துச் சொன்னார்: "மண்டோர கூப்புடுங்க. பூசையில என்னமோ கொறை இருக்கும் போல. அவரு கையால ஒரு எலுமிச்சம்பழம் வச்சா சரியாப் போவும்."

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி லேத்தின் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். புதிதாகப் பொட்டு வைக்கத் தொடங்கினார். மோட்டார், மூடி, பெட்டி. சிவப்புக்குப் பக்கத்தில் போன கட்டைவிரல் அப்படியே நின்றது. எல்லா இடத்திலும் நேற்றைய பொட்டு இருக்க, அந்த இடம் மட்டும் மண்ணெண்ணெய் மினுக்கத்தோடு வெறுமையாக இருந்தது. பெரியப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். கட்டைவிரல் மேலே நகர்ந்து பெட்டியின் நெற்றியில் பொட்டை வைத்தது.

"ஓட்டுடா" என்றார்.

லேத் ஓடியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த துரை, "ஓகே, ஓகே, வேலைய பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் கும்பிட்டது. லேத்தில் கட்டியிருந்த மாலையை யாரோ அவிழ்த்துப் பெரியப்பா கழுத்தில் போட்டார்கள். எனக்குக் கன்னம் எரிந்தது.

தை பிறந்ததும் அம்மா தட்டு எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். நானும் மாமாவும் கூடப் போனோம். பெரியப்பா தட்டைத் தொடவில்லை. "ஒரு மிஷின ஓட்டத் தெரியல, நான் போயி ஓட்டிக் குடுக்க வேண்டியிருக்கு. இவன் எங்கேருந்து குடும்பத்த ஓட்டுவான்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளில் இறங்கி இறுக்கியது. உள்ளே அக்காவின் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அக்காவை மந்தினில் ஒரு லாரிக்காரருக்குக் கொடுத்தார்கள். மாமா ஜொகூர் பக்கம் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வெகுகாலம் கழித்து, நான் பட்டறை கட்டியபிறகு, ஒருமுறை வந்தார். என் லேத்துகளை எல்லாம் நடந்து பார்த்தார். கூடவே இருங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒரு லேத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்தி விரலை எடுத்தார். "திரும்பி வருது" என்றார். தேநீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாமா என்னை நம்பவில்லை, கோழை, அடித்துவிட்டு என் கண்டுபிடிப்பையும் திருடி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் பையனாக இருந்தபோது நினைத்தேன். அக்காவுக்காக ஒரு மனிதன் தன் கைத்திறமையையே எலுமிச்சம்பழத்துக்கு விட்டுக்கொடுப்பான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றும் விளங்கவில்லை. அடுத்த ஆயுத பூசைக்கும் நான்தான் சந்தனக் கிண்ணம் பிடித்தேன். பெரியப்பா எல்லாவற்றுக்கும் வைத்தார். சிவப்பை மட்டும் தாண்டிப் போனார். நான் கிண்ணத்தை உயர்த்தி, "இதுக்கு, பெரியப்பா?" என்றேன்.

"அதுக்கு வேணாம்" என்றார்.

மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை. கட்டைவிரல் நின்ற அந்த நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் மாலையை வாங்கினார். தெரிந்துகொண்டேதான் தட்டைத் திருப்பி அனுப்பினார்.

அண்ணனுக்குச் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் எலுமிச்சம்பழம் இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மலரை மறுபடி அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். பொத்தானை விடுவித்தது என் மாமாவின் கை. அது சிக்கியிருக்கிறது என்று கண்டு சொன்னவன் நான். என் பேரை முழுசாகப் போடுங்கள்.