வெள்ளைத் துணியில் மஞ்சள்

பனியன் கம்பெனியில் துணியின் நிறம் பார்ப்பது இருபது வருடமாக என் வேலை. புதிதாகச் சேர்ந்த தூத்துக்குடிப் பெண் மேரி, நான் சரியென்று அனுப்பிய வெள்ளைத் துணியை எடுத்து, "அக்கா, இதுல மஞ்சள் அடிக்கு" என்றாள்.

மேனேஜரும் அதை ஒத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. "என்ற கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. டெஸ்ட் பண்ணிச் சீட்டோட வாரனுங்க" என்று அவள் முன்னாலேயே மேனேஜரிடம் சவால் விட்டேன்.

"ரெண்டு கண்ணுலயும் புரைங்க. பாக்குறதெல்லாம் மஞ்சளாயிரும், மெதுவா வர்றதால அது தெரியாதுங்க" என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சைக்குப் பின் அந்தத் துணியின் மாதிரித் துண்டைப் பார்த்தேன், மஞ்சள்தான். அதை மேரியிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.

இப்போது வருடந்தோறும் கண் பரிசோதனை செய்துகொள்கிறேன். நான் அனுப்பிய துணி எதையாவது மேரி தள்ளிவைத்தால் இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் வாயைத் திறக்கும் முன் துணியை மறுபடி பார்க்கிறேன்.