கம்பத்தை விட்டு நகர்ந்த கியூ

என் மகளை யாராவது தூக்கிவிட்டால் உடனே நன்றி சொல்லிவிடுவேன். அவளுக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும் சொல்வேன். அப்படித்தான் வளர்ந்தவள் நான்.

லிங்கராஜபுரத்திலிருந்து கண்டோன்மென்ட் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறும் வழி பின்னால் இருந்தது. அதன் முதல் படி கிட்டத்தட்ட அவள் இடுப்பு உயரம். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து அவளுடைய இடது கால் சூம்பிப்போயிற்று. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல்பட்டையுமாக ஒரு சட்டம் மாட்டியிருப்போம். மாட்டிவிட்டால் முட்டி மடங்காது. பஸ் வந்ததும் பின்னால் நிற்கிற யாராவது அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் தூக்கும்போது பாவாடை மேலே ஏறிக்கொள்ளும். சட்டம் முழுவதும் வெளியே தெரியும். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதலில் அவளுடைய அப்பா சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஃபாக்டரியில் அவருக்குக் காலை ஷிஃப்ட் போட்டதும் பஸ்தான் என்று ஆயிற்று. ஒரு சாயங்காலம் பட்டையைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னாள், "இனிமே யாராவது என்னைத் தூக்கினா நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்." அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

என் மாமியாருக்கு இது ஆறுதலாகவே இருந்தது. நீயே டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள்தானே, வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடு, பிள்ளையை ஏன் ஊருக்குக் காட்டுகிறாய் என்றார். அவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்தால் நானே அதற்குப் பழகிவிடுவேன். அப்புறம் அவளும் பழகிவிடுவாள்.

மறுநாள் யாரையும் தொடவிடாமல் அவளே ஏறப் பார்த்தாள். நல்ல காலைத் தூக்கினாள், அது படியை எட்டவில்லை. "பேக ஹத்தம்மா", சீக்கிரம் ஏறு என்று கண்டக்டர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினார். "தூக்கி உள்ள போடும்மா. இல்லாட்டி ஜட்கா வெச்சுக்கிட்டுப் போ." எனக்குப் பின்னால் டிபன் கேரியரோடு நின்றவர், ஃபாக்டரி கேட் மூடிவிட்டால் தனக்கு அரைநாள் சம்பளம் போய்விடும் என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். எல்லாரும் ஏறினார்கள், பஸ் போய்விட்டது.

வீடு திரும்பும் வழியில் விறகு டிப்போ முன்னால் அவள் சற்று நின்றாள். அங்கே சாக்கடைமேல் ஒரு பெரிய கருங்கல் பலகை போட்டிருந்தார்கள். மூச்சு வாங்க அதன்மேல் ஏறி நின்றபோது அவள் தலை என் தோள்வரை வந்தது. நான் கல்லைப் பார்த்தேன், பிறகு பஸ் ஸ்டாப் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு பஸ் நீளம் இருக்கும். தினமும் கம்பத்துக்கு நேராக நிற்கும் பின்படி மட்டும் இந்தக் கல்லுக்கு நேராக வந்து நின்றால் பாதி உயரம் குறைந்துவிடும்.

கண்டக்டரிடம் கேட்கலாம். ஸ்டாப் அங்கே இருக்கிறது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்த முடியாது என்பார். அவர் சொல்லப்போகும் பதிலைக்கூட நானே யோசித்து, அதற்குத் தலையாட்டியும் விட்டேன். ஆனால் ராத்திரி ஜெபம் முடிந்து படுத்தபோது இந்த ஊர்ப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. பெங்களூரில் பஸ்ஸுக்கு இரண்டு பேர் நின்றாலே அது கியூதான். முதல் ஆள் எங்கே நிற்கிறாரோ, அடுத்து வருகிறவர் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார். மெட்ராஸிலிருந்து வந்த என் தம்பி இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். கம்பத்தை யாரும் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்க் கல்லருகே நின்றோம். அவள் கல்லின் மேல், நான் பக்கத்தில். இது ஏமாற்றுவேலையா என்று மனசு அடித்துக்கொண்டது. நின்றுகொண்டுதானே இருக்கிறேன், யாரையும் வா என்று கூப்பிடவில்லையே என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். முதலில் வந்தவர் கம்பத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கிவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்புறம் வந்த யாரும் தயங்கவில்லை. வரிசை டிப்போ வாசலைத் தாண்டிப் போனது. டிபன் கேரியர்க்காரர் நடுவில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஸ்டாப்ப மாத்திட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோயிருக்கும். "இல்லைங்க. இங்க நின்னா இவ தானா ஏறுவா" என்றேன்.

"வண்டி நிக்காம போயிட்டா?"

"எனக்கும் அதே பயம்தான்."

அவர் கம்பத்தைப் பார்த்தார், தனக்கு முன்னால் நிற்பவர்களைப் பார்த்தார். வாய்க்குள் என்னவோ திட்டினார். ஆனால் நகரவில்லை. அது இரக்கத்தால் அல்ல. வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும்.

பஸ் வந்தது. கம்பத்தடியில் ஆளே இல்லை, இங்கே நீளமாய் ஒரு கியூ. டிரைவர் குழம்பியிருக்க வேண்டும், பிரேக்கை மிதித்தார். பின்படி கல்லுக்கு நேராக வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, ஸ்டாப் அங்கே, எல்லாரும் முன்னால் வாங்க என்று கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை.

"கியூ இங்க இருக்குப்பா. கேட்டு மூடிடுவான், ஏத்திக்கிட்டுக் கிளம்பு" என்றார் டிபன் கேரியர்க்காரர்.

நான் கண்டக்டரிடம் சொன்னேன், "பாருங்க, வண்டி மூஞ்சி கம்பத்துக்கிட்டதான் இருக்கு. நீங்க ஸ்டாப்லதான் நிக்கிறீங்க."

அவர் முன்னால் பார்த்தார். உண்மைதான். அந்தக் கோபத்தில் சட்டென்று குனிந்து என் மகளைத் தூக்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே கைவைத்தேன். காக்கிச் சட்டைக்காரர் எவரிடமும் அதுவரை குரல் உயர்த்தியவள் இல்லை நான்.

"தொடாதீங்க. அவ ஏறுவா."

அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். நல்ல காலைப் படியில் வைத்து உடம்பை எக்கினாள். சட்டம் படி விளிம்பில் இடித்து டங்கென்றது. கால் நழுவி மறுபடி கல்லுக்கே வந்தாள். பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். மன்னிச்சுக்கோங்க என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். இரண்டாம் முறை மடங்காத காலை வெளிப்பக்கமாக வீசி, அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து படியில் ஊன்றினாள். பாவாடை கீழேயே இருந்தது. அடுத்த படியிலும் அப்படியே. பிறகு திரும்பி, நான் ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

லேடீஸ் சீட்டில் உட்கார்ந்ததும் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் சர்ச் ஸ்டாப்பைச் சொன்னேன். அங்கே இறங்கவும் இவ்வளவு நேரம் ஆகும் என்றும் சொன்னேன்.

"அங்கயும் கல்லு போட்டு வெச்சிருக்கியா?" என்றார்.

"இல்லை. உக்காந்து உக்காந்து இறங்குவா. அவ கால் தரையில படுற வரைக்கும் நீங்க மணிக்கயித்துல கைவைக்கக் கூடாது."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். "உக்காந்து இல்லம்மா. நின்னுக்கிட்டே."

கையில் டிக்கெட்டோடு அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "நின்னுக்கிட்டேதான் இறங்குவாளாம்" என்று அவரிடம் திருத்திச் சொன்னேன்.