மூன்று அண்டா, ஒரே பந்தி

குற்றாலத்தில் ஓலைக் கீற்றுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை போட்டு, அதை ஓட்டுக் கடையாக்கி, ஓட்டுக் கடையை மாடிக் கட்டடமாக்கியவன் நான். மேலகரத்தில் வீடு கட்டினேன். பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். அருவித் தண்ணீர் தெருவில் ஓடிய சீசனிலும் என் அடுப்பு அணைந்ததில்லை. இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

நேற்று மருமகள் குக்கரைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். குழைந்தும் வேகாமலும் ஒரே நேரத்தில் இருக்கிற சோற்றின் வாசனை. மிச்சம் கிடந்த பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒன்றாகப் போட்டுவிட்டாளாம்.

"சாம்பார் ஊத்துனா சரியாயிரும் மாமா."

ஆகாது. எனக்குத் தெரியும். அந்தச் சோற்றால் எங்கள் கிறிஸ்தவச் சபை ஒரு மனிதரையே இழக்கப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. சின்னச் சபை. சுரண்டையிலிருந்து கடை வைக்க வந்தவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். செங்கோட்டைப் பக்கத்துப் பழைய குடும்பத்தார் கையைக் கட்டிக்கொண்டு இழுத்துப் பாடுவார்கள். நான் இரண்டுக்கும் நடுவே சொந்தமாக ஒரு ராகத்தில் பாடுவேன். என் மனைவி முழங்கையால் இடிப்பாள். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அசனம் வந்தால் எல்லாரும் ஒன்று. அசனம் என்றால் சபை முழுக்கச் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து ஒரே பாயில் கொட்டுவோம். போதகர் ஜெபித்து, கையாலேயே கலப்பார். அதை ஒரே அண்டாவில் பொங்குவோம். அதுதான் ஒற்றுமை என்று நம்பினோம்.

அந்த வருடம் சபைக்குப் புதிதாக வந்திருந்தவர் விசுவநாதன். தென்காசியில் தையல் கடை. கோயில் தெருக் குடும்பம். ஞானஸ்நானம் எடுத்ததும் சொந்தபந்தம் தள்ளிவைத்துவிட்டது. கறி தொடமாட்டார். பெயரையும் மாற்றவில்லை. கேட்டால், "எங்க அப்பா வச்ச பேரு. ஏசப்பா என்னைய அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு" என்பார். சபை மூப்பர் ஞானமுத்து அண்ணாச்சிக்கு அது பிடிக்காது. 'அந்தப் புது ஆளு' என்றுதான் சொல்லுவார்.

விசுவநாதன் பச்சரிசி கொண்டுவந்தார். சுரண்டைக்காரர்கள் புழுங்கல். செங்கோட்டைக்காரர்கள் சிவப்பரிசி. மூன்றும் வேகிற நேரம் வேறு வேறு. கலந்து பொங்கினால் என்ன ஆகும்? ஒன்று களி, ஒன்று சோறு, ஒன்று கல்.

பந்தியில் அண்ணாச்சி கையை உதறினார். "ஒரு வீட்டு அரிசி சபைச் சோத்தையே களியாக்கிட்டு பாரும்!"

பல்லில் கல்லாக நின்ற சிவப்பரிசியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள் அல்லவா? விசுவநாதன் பாதி இலையில் எழுந்து போனார். பிறகு ஆராதனைக்கே வரவில்லை.

கடைக்குத் தேடிப் போனேன். மிஷினை நிறுத்தாமலே பேசினார். "அம்மா சொல்லிவிட்டிருக்கா அண்ணே. ஒரு தடவ கோயிலுக்கு வந்து துன்னூறு பூசிக்கோ, பழையபடி வீட்டுக்கு வந்துரலாம்னு. அங்கன என் சாமி ஆகாது, இங்கன என் அரிசி ஆகாது. நான் எங்கன உக்காந்து சாப்பிட?"

"அடுத்த அசனத்துக்கு வாரும்வே. பச்சரிசியோடயே வாரும். சோறு களியானா நான் கடைய மூடுதேன்."

சொன்ன பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த அசனத்தன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. சபைக் கோயில் முற்றத்துப் பந்தலில் நான் அரிசிக்கு ஒன்றாக மூன்று பாய் விரித்தேன். அண்ணாச்சி ஓடிவந்தார்.

"என்னவே இது? சபைய மூணாப் பிரிக்கீரா?"

"அண்டாதான் மூணு அண்ணாச்சி. பந்தி ஒண்ணுதான். ஆண்டவரு மூணு அரிசி படைச்சாரு. அத ஒரே அண்டால போடச் சொன்னது நாமதான்."

"வாய் மட்டும் இல்லன்னா ஒம்ம நாய் தூக்கிட்டுப் போயிரும்."

இரண்டு பாயில் அரிசி நிறைந்தது. மூன்றாவது காலி. ஜெபம் முடிந்தது, அடுப்புப் பற்றவைத்தாயிற்று, அப்போதும் காலி. "இன்னும் யாருக்கு வே விரிச்சு வச்சிருக்கீரு? சுருட்டும்" என்றார் அண்ணாச்சி. நான் சுருட்டவில்லை. அரிசி களைகிறவன்போல வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு, அதன்மேல் வெல்லப் பொட்டலம். வாசலிலேயே நின்றார். என் மனைவிதான் குரல் கொடுத்தாள். "உள்ள வாங்கண்ணே, உங்க பாய் நனையுது."

பச்சரிசியைத் தனியாகப் பொங்கி, வெல்லம் போட்டு அவரே கிண்டினார். எங்கள் அசனத்தில் அன்றுதான் முதல்முதலாகச் சர்க்கரைப் பொங்கல். ஒரே பந்தியில், ஒரே இலையில், மூன்று அண்டாச் சாப்பாடு. அண்ணாச்சி முதலில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"விசுவநாதன், இங்கன இன்னொரு கரண்டி போடும்."

அதன்பின் விசுவநாதன் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. தாயார் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். இவர் தாயைப் பார்க்கப் போவார், தின்பண்டம் வாங்கிப் போவார், போன விசுவாசத்தோடேயே திரும்பி வருவார். அதே பெயரோடு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார்.

இப்போது அசனத்துக்கு யாரும் அரிசி கொண்டுவருவதில்லை. காண்டிராக்ட் பிரியாணி வேனில் வருகிறது. எல்லாருக்கும் ஒரே அரிசி, ஒரே பொட்டலம். வாங்கியவர்கள் பைக்கில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பந்தியும் போயிற்று. பொங்கல் மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்கிறார்கள். 'முன்னோர் ஏற்படுத்திய வழக்கம்' என்று மைக்கில் சொல்கிறார்கள். எந்த முன்னோர்? நான் முன் வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?

பொங்கல் விசுவநாதனுடையது; அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது பாயை விரித்தவன் நான். காலியாகக் கிடந்தபோது சுருட்டமாட்டேன் என்று நின்றவனும் நான். அதை அதே மைக்கில், என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். என் அடக்க ஆராதனையில் வேண்டாம். எனக்குக் காது கேட்கும்போதே சொல்லுங்கள்.