தண்ணீர் ஊற்றிய இட்லிப் பொடி

ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடக்கூட முடியாதபடி என் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. முடக்குவாதம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்து, "கொழுப்பைக் குறைங்க" என்றார். எந்தக் கொழுப்பு என்று கேட்கக் கூச்சம். வீட்டில் எண்ணெயையே நிறுத்திவிட்டேன்.

அடுத்த முறை போனபோது, மெலிந்திருந்த என்னிடம் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். என் கணவர்தான் போட்டு உடைத்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இவ இட்லிப் பொடிக்கே தண்ணி ஊத்திக் கொழச்சுத் திங்கறாளுங்க! பாக்கற எனக்குத் தொண்டை அடைக்குதுங்க!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கடை போண்டா, பஜ்ஜியத்தானுங்க நான் சொன்னேன். கடலை எண்ணெய் அளவா ஊத்திக்குங்க. மத்தி மீன் தின்னுங்க, அதுல இருக்கற கொழுப்பு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். மாத்திரையை மட்டும் உட்டுறாதீங்க."

வீடு திரும்பியதும் பொடியில் குழி பறித்து எண்ணெய் ஊற்றினேன். அந்த வாசனைக்கே கண் கலங்கியது.

மாத்திரையும் மத்தியுமாக மாதங்கள் ஓடின. இப்போது நூலை நானே முடிகிறேன். போன முறை டாக்டரம்மா சீட்டை நீட்டியும் நான் எழவில்லை.

"முட்டையில மஞ்சக்கரு திங்கலாங்களா?"

என் கணவர் திகைத்துத் திரும்பினார். கல்யாணமான இத்தனை வருடத்தில், வெளியாளிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.