கோல் போஸ்ட்டில் கேட்ட சத்தம்

அந்த ஹெல்மெட்டுக்குள் எப்போதும் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். என் தலையில் வைத்த எண்ணெய் இல்லை. எனக்கு முன்னால் அதைப் போட்டிருந்த ஸ்டெல்லாவுடையது.



நான் ரோலர் ஹாக்கி ஆடியவள் என்று சொன்னால் இந்த ஃபிளாட்ஸில் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். லிஃப்ட் ஓடவில்லை என்றால் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். ஆனால் ஆடினேன். அதுவும் கோல் காக்கிற கோலியாக!

சாந்தோமில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஸ்கேட் ஓட ஒரு சிமெண்ட் ரிங்க். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பலகை. ஸ்கூல் இடம் அது. எங்கள் பி.டி. மிஸ் அங்கேதான் பெண்களுக்கென்று கிளப் ஆரம்பித்தார். குப்பத்துப் பெண்கள், மயிலாப்பூர் பெண்கள் எல்லாம் கலந்த டீம். கடல் காற்று விடாமல் மணலைக் கொண்டுவந்து கொட்டும். சக்கரத்துக்கு அடியில் மணல் சிக்கினால் பல் போய்விடும். அதனால் தினமும் ஈரச் சாக்கை இழுத்துத் தரையைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்கேட்டைக் கட்டுவோம்.

காலுக்குக் கிரிக்கெட்காரர்கள் கட்டுகிற பேடு, தலைக்குக் கிரிக்கெட் ஹெல்மெட். இருந்தது ஒரே ஹெல்மெட். அது கோலிக்கு.

கோலி, ஸ்கேட் மேலேயே குந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். பந்து கருங்கல் மாதிரி வரும்.

ஒரு நாள் பிராக்டிஸில் அந்தப் பந்து ஸ்டெல்லாவின் தொண்டையில் பட்டது. ஹெல்மெட்டுக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்தில். சத்தம் போடக்கூட முடியாமல் கோலுக்குள் சரிந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் பந்தைத் துரத்திக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டோம். எல்லோருடைய முதுகும் அவளைப் பார்த்து இருந்தது. கேப்டன் மேரி தற்செயலாகத் திரும்பியபோது ஸ்டெல்லாவின் உதடு நீலமாகியிருந்தது.

பிழைத்துவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் ரிங்க் பக்கமே வரவில்லை.

இன்னொரு பெண்ணுக்கு அடிபட்டால் ரிங்க்குக்குப் பூட்டு, கிளப்பும் கிடையாது என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். யார் கோலி என்று மிஸ் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தோம். இருப்பதிலேயே மெதுவாக ஸ்கேட் பண்ணுகிறவள் நான். ஹெல்மெட் என் தலைக்கு வந்தது.

முதல் நாள் நான் ஹெல்மெட் பட்டியைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவதை மேரி பார்த்துவிட்டாள். அவளுடைய அப்பா கட்டுமரத்தில் போகிறவர்.

"எங்க நைனா இருட்டுல துடுப்பால மரத்தைத் தட்டிக்கினே வருவாரு. பக்கத்து மரத்துல இருக்கறவனுக்கு, ஆளு கீறாருன்னு தெரியும். நீயும் போஸ்ட்ட தட்டிக்கினே இரு. சத்தம் நின்னா நாங்க வந்துருவோம்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் கிளப்பின் சட்டம். நான் ஸ்டிக்கால் இரும்பு போஸ்ட்டைத் தட்டிக்கொண்டே இருப்பேன். டொக்... டொக்... யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சத்தம் நின்றால் மட்டும், பந்து யாரிடம் இருந்தாலும் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

அந்த வருஷம் ஃபைனல் எங்கள் ரிங்க்கிலேயே நடந்தது. வெளியூர் டீம். அவர்களில் ஒரு உயரமான பெண் அடித்தால் பலகையே அதிரும். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிகிற நேரம்.

அவள் அடித்த பந்து என் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. காதுக்குள் கொய்ங் என்றது. மூக்கில் அந்தத் தேங்காய் எண்ணெய் வாசனை... ஸ்டெல்லாவின் நீல உதடுதான் கண்ணுக்குள் வந்தது. கை அப்படியே விறைத்துவிட்டது. ஸ்டிக்கை அசைக்க முடியவில்லை.

சத்தம் நின்றுவிட்டது.

பலகையில் பட்டுத் திரும்பிய பந்தோடு மேரி அதற்குள் அந்தக் கோடியில், அவர்கள் கோலுக்கு நேர் எதிரே இருந்தாள். இன்னொரு கோல் நிச்சயம். பந்தை அப்படியே விட்டாள். எங்கள் டீமில் மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்து வந்தார்கள். அந்த உயரமான பெண் பந்தை எடுத்துக்கொண்டு வந்து ஓங்கி அடித்தாள். அது என் முன்னால் வந்து நின்ற மேரியின் முழங்காலில் பட்டு வெளியே போனது. மேரி அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாடி, மூச்சு வருதா?"

தலையாட்டினேன்.

"அப்ப தட்டு."

தட்டினேன். ஜெயித்தோம். நாங்கள் அஞ்சு பேரும் கோலை அடைத்து நின்றது பெரிய தந்திரம் என்று அந்த டீம் நினைத்துக்கொண்டு போனது!

அதற்கப்புறம் கிளப் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ஸ்டேட், நேஷனல், கப் வைக்க பீரோ போதாமல் மிஸ் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் வைத்தார். மேரி வெளிநாட்டில் நர்ஸ். கிளப் இப்போது நந்தனம் பக்கம் ஒரு இன்டோர் ரிங்க்கில் இருக்கிறது. வழவழவென்று தரை, மணலே கிடையாது. ஆளுக்கொரு ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி, தொண்டைக்குத் தனியாக ஒரு தடுப்பு. பயம் மட்டும் அதே சைஸ்.

ஏனென்றால் இப்போது அங்கே கோலி என் மகள். அவளாகத்தான் கேட்டு நின்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக அவளுடைய மேட்ச் பார்க்கப் போனேன். கேலரியில் உட்கார்ந்ததுமே அவளுடைய கோல் எந்தப் பக்கம் என்று தேடினேன். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. டொக்... டொக்...

இடைவேளையில், எதுக்குடி தட்டுறே என்று கேட்டேன்.

"தெரியலம்மா. இங்க கோலின்னா தட்டணும். எல்லா அக்காவும் தட்டுவாங்க."

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லாமல் அவளுடைய தொண்டைத் தடுப்பின் பட்டியை இறுக்கிவிட்டேன். திரும்ப ஆடப்போகிற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

இரண்டாவது பாதியில், ஒரு பந்து வந்து போனதும், சத்தம் நின்றது.

செருப்பைக் கேலரியிலேயே விட்டுவிட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால்... அந்தக் கோடியில் இருந்த நாலு பெண்களும் பந்தைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

க்ளவுஸ் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். மாட்டிக்கொண்டு ஸ்டிக்கை எடுத்தாள்.

டொக்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.